காலிப்பரை மாற்ற வேண்டுமா, கழுவினால் போதுமா: ஒரு முன் பிரேக்கின் கணக்கு

அக்கா மகன் தன் பைக்கை முன் பிரேக் புகாரோடு டீலரின் சர்வீஸ் சென்டரில் விட்டான். அவர்கள் பார்த்துவிட்டுக் கொடுத்த எஸ்டிமேட்டில் இருந்தவை: முன் காலிப்பர் அசெம்ப்ளி புதிது, டிஸ்க் புதிது, பேட் செட், மாஸ்டர் சிலிண்டர் கிட், பிரேக் ஆயில், அப்புறம் லேபர். (சக்கரத்தோடு சுற்றும் டிஸ்க்கை இரண்டு பக்கமும் பேட்டால் இறுக்குவது காலிப்பர். லிவரை அழுத்தும்போது அதற்கு ஆயிலைத் தள்ளுவது மாஸ்டர் சிலிண்டர்.) தொகையில் பாதிக்கு மேல் முதல் இரண்டு வரிகளே. யோசித்துச் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு, வண்டியை ஓட்டாமல் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டான். “மாமா, இத்தனையும் மாத்தணுமா? இல்ல நாமளே ஏதாவது பண்ணலாமா?”

இதற்கு இரண்டு பக்கமும் சூடான பதில்கள் உண்டு. டீலர் என்றாலே தலையில் மிளகாய் அரைப்பார்கள் என்பார் ஒருவர். பிரேக்கில் தானே கை வைப்பது உயிரோடு விளையாடுவது என்பார் இன்னொருவர். இரண்டு பேருமே வண்டியைப் பிரித்துப் பார்க்காமல் பேசுகிறார்கள். எஸ்டிமேட்டின் ஒவ்வொரு வரியையும் எடுத்து, இது தேவையா, தேவை என்றால் யார் செய்வது என்று பார்த்தோம். அப்படிப் பார்த்ததில் தெரிந்ததை எழுதுகிறேன்.

வண்டியும் புகாரும்

ஒற்றை சிலிண்டர் வண்டி. முன்னால் ஒரே டிஸ்க், இரண்டு பிஸ்டன் உள்ள நகரும் வகைக் காலிப்பர், முன் சக்கரத்துக்கு, பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ். வாரண்டி முடிந்துவிட்டது. பேட் ஒரு தடவை மாற்றியதற்கு பில் இருக்கிறது. பிரேக் ஆயில் மாற்றியதாக எந்தப் பதிவும் இல்லை.

அவன் சொன்ன குறைகள் மூன்று. வண்டியைக் கையால் தள்ளும்போது முன் சக்கரம் கனமாக இருக்கிறது. ஓட்டி நிறுத்தினால் முன்னால் கருகல் வாடை வருகிறது, டிஸ்க் பக்கம் கை கொண்டுபோக முடியாத சூடு. நீண்ட இறக்கத்தில் லிவர் பஞ்சு மாதிரி ஆகி ஹேண்டில் வரை வந்துவிடுகிறது, கொஞ்ச நேரம் ஆற விட்டால் சரியாகிவிடுகிறது.

மூன்றாவது குறைதான் எனக்கு வயிற்றைக் கலக்கியது. முதல் இரண்டும் பேட்டையும் மைலேஜையும் தின்னும். மூன்றாவது ஆளைத் தின்றுவிடும். அதனால் டீலரிடம் போனதே தப்பு என்று நான் சொல்லவில்லை, போனது நல்லது. அவர்கள் சொன்ன வைத்தியம்தான் விவாதத்துக்கு உரியது.

நிப்பிளைத் திறந்து பார்த்த சோதனை

சக்கரம் இறுகுவதற்குப் பெரும்பாலும் இரண்டில் ஒன்று காரணம். ஒன்று, லிவரை விட்ட பிறகும் ஆயிலின் அழுத்தம் வெளியேறாமல் உள்ளேயே மாட்டிக்கொள்வது. மாஸ்டர் சிலிண்டரில் ஊசி முனை அளவுக்கு ஒரு துளை இருக்கும். லிவரை விட்டதும் அதன் வழியாகத்தான் ஆயில் மேலே இருக்கும் டப்பாவுக்குத் திரும்புகிறது. சூட்டில் விரியும் ஆயிலுக்கும் அதுதான் போக்கிடம். கசடு அடைத்துக்கொண்டால் பிரேக் தானாகவே பிடித்துக்கொள்ளும். ஆயிலைக் காலிப்பருக்குக் கொண்டுபோகும் ரப்பர் ஹோஸ் பழசாகி உள்ளுக்குள் வீங்கினாலும் இதே கதைதான். இன்னொரு காரணம், அழுத்தம் போன பிறகும் காலிப்பரில் பேட்டைத் தள்ளும் பிஸ்டனோ, காலிப்பர் வழுக்கி நகரும் கம்பியான பின்னோ அசையாமல் இறுகி நிற்பது.

இரண்டையும் பிரித்துச் சொல்ல ஒரு ஸ்பேனரும் துண்டு டியூபும் போதும். முன் சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி வைத்துக்கொண்டு, லிவரை நாலைந்து தடவை அழுத்தி விட்டோம். சக்கரம் இறுகியது. காலிப்பரில் ஆயிலையும் காற்றையும் வெளியேற்றும் பிளீடிங் நிப்பிளில் டியூபை மாட்டிக் கால் திருகு திறந்தோம். உள்ளே அழுத்தம் மாட்டியிருந்தால் ஆயில் பீய்ச்சி அடித்து, சக்கரம் உடனே விடுபட வேண்டும். நாலு சொட்டு சோம்பேறித்தனமாக வழிந்தது. சக்கரம் இறுகியபடியே நின்றது.

மாஸ்டர் சிலிண்டர் கிட் என்ற வரி அங்கேயே அடிபட்டது. கோளாறு காலிப்பருக்குள். இந்தச் சோதனைக்கு ஐந்து நிமிடம்கூட ஆகாது. எந்த எஸ்டிமேட்டுக்கும் முன்னால் இதைச் செய்திருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. செய்யாமல் மாஸ்டர் சிலிண்டரையும் பட்டியலில் சேர்ப்பது, எதில் கோளாறு என்று தெரியாததற்கு வாடிக்கையாளரிடம் காசு கேட்பதுதான்.

காலிப்பருக்குள் இருந்தது

இரண்டு போல்ட்டைக் கழற்றிக் காலிப்பரை வெளியே எடுத்தோம். பேட் தூசியைக் காற்றடித்து ஊதக் கூடாது, அது நுரையீரலுக்கு நல்லதில்லை. ஈரத்தில் கழுவியோ துடைத்தோதான் எடுக்க வேண்டும்.

பிஸ்டன் பக்கத்துப் பேட் ஆப்பு மாதிரி சரிந்து தேய்ந்திருந்தது. ஒரு முனையில் தேய்மானக் கோடு வரை போய்விட்டது, மறு முனையில் இன்னும் நிறைய மிச்சம். எதிர்ப் பக்கத்துப் பேட் அவ்வளவாகத் தேயவே இல்லை. நகரும் வகைக் காலிப்பர் பின்களின் மேல் வழுக்கிக்கொண்டு போனால்தான் எதிர்ப் பக்கத்துப் பேட்டும் டிஸ்க்கை அழுத்தும். இதில் ஒரு பின் கிரீஸ் வறண்டு, துரு ஏறி, கையால் இழுத்தால் வர மறுத்தது. பிஸ்டன் இரண்டில் ஒன்று நன்றாக வெளியே வந்து போயிற்று. மற்றது லிவரை அழுத்தினால் வெளியே வரும், திரும்பப் போகாது.

இந்தத் திரும்பிப் போகும் விஷயத்தைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் எஸ்டிமேட்டின் மிகப் பெரிய வரி இதில்தான் தொங்குகிறது. பிஸ்டனைப் பின்னால் இழுக்க உள்ளே ஸ்பிரிங் எதுவும் கிடையாது. பிஸ்டனைச் சுற்றி, காலிப்பரில் வெட்டிய பள்ளத்தில், சதுர வெட்டுள்ள ஒரு ரப்பர் சீல் உட்கார்ந்திருக்கிறது. பிஸ்டன் முன்னே போகும்போது அந்தச் சீல் அதோடு சேர்ந்து லேசாக முறுக்கிக்கொள்ளும். அழுத்தம் போனதும் பழைய வடிவத்துக்கு நிமிரும்போது பிஸ்டனையும் ஒரு மயிரிழை பின்னால் இழுத்துவிடும். பேட் டிஸ்க்கை விட்டு விலகுவது இந்த மயிரிழையால்தான்.

சீலை மரக் குச்சியால் நெம்பி எடுத்தோம். பள்ளத்தின் அடியில் வெள்ளையாகப் பொருக்கு கட்டியிருந்தது. அலுமினியம் அரித்து வந்த உப்பு அது. பொருக்கு ஏற ஏறப் பள்ளம் ஆழம் குறையும். சீல் முறுக்கிக்கொள்ள இடமில்லாமல் பிஸ்டனை இறுக்கிப் பிடிக்கும். அக்கா மகன் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, “இவ்வளவுதானா மாமா?” என்றான். இவ்வளவுதான். காலிப்பரின் உடம்பில் விரிசல் இல்லை, பிஸ்டனின் மேற்பூச்சு உரியவில்லை, சீல் உரசும் பகுதியில் குழி விழவில்லை. நீண்ட நாள் யாரும் கழுவாத காலிப்பர், அவ்வளவே.

உலோகத்தைக் கீறாத மென்மையான கருவியால் பொருக்கைச் சுரண்டி எடுப்பதுதான் முழு வேலையிலும் அதிக நேரம் தின்றது. பள்ளத்தின் அடி வெறும் உலோகமாகத் தெரியும் வரை விடக் கூடாது. அவசரப்பட்டு ஸ்குரூடிரைவரால் கீறினால் கோடு விழும், அந்தக் கோட்டில் ஆயில் கசியும். பிறகு புதுச் சீல், புதுத் தூசி ரப்பர், இரண்டையும் சுத்தமான பிரேக் ஆயிலில் நனைத்துப் போட்டு, பிஸ்டனைக் கட்டை விரலால் நேராக அழுத்தினால் வழுக்கி உட்கார்ந்துவிட வேண்டும். சுத்தியல் தேவைப்பட்டால் ஏதோ சரியில்லை.

பிஸ்டனை வெளியே எடுக்கும் முறையையும் சொல்லிவிடுகிறேன். ஹோஸைக் கழற்றுவதற்கு முன்பே, லிவரை அழுத்தி ஆயிலின் வலுவிலேயே தள்ள வைப்பது நல்லது. சுலபமாக வரும் பிஸ்டனைக் கட்டையால் தடுத்து வைத்தால் முரண்டு பிடிக்கும் பிஸ்டன் நகரும். கம்ப்ரஸர் காற்றால் தள்ளுவதைப் பலர் சர்வ சாதாரணமாகச் செய்கிறார்கள். அந்தப் பிஸ்டன் தெறித்து வரும்போது வழியில் விரல் இருந்தால் விரல் போச்சு.

பின்களுக்கு சிலிக்கான் கிரீஸ், அல்லது மேனுவல் சொல்லும் கிரீஸ். செயினுக்கும் பேரிங்குக்கும் போடும் சாதாரணக் கிரீஸ் வேண்டாம். பிரேக்கில் இருக்கும் ரப்பர் பெட்ரோலிய எண்ணெய் பட்டால் வீங்கும். கழுவவும் பெட்ரோல், டீசல், மண்ணெண்ணெய் எதுவும் ஆகாது. பிரேக் கிளீனர், இல்லாவிட்டால் சோப்புத் தண்ணீரில் கழுவி முழுக்க உலர்த்துவது.

டிஸ்க்

டிஸ்க்கில் வட்டக் கோடுகள், ஓரத்தில் விரலுக்குத் தட்டுப்படும் விளிம்பு. கண்ணுக்கு மோசமாகத்தான் தெரிந்தது. ஆனால் டிஸ்க்குக்குத் தீர்ப்பு கண்ணால் சொல்வதில்லை. குறைந்தபட்சத் தடிமன் எவ்வளவு என்று டிஸ்க்கிலேயே பொறித்திருப்பார்கள். இதில் 4.5 மி.மீ. மைக்ரோமீட்டரால் சுற்றிலும் பல இடங்களில் அளந்தோம், எங்கேயும் 4.7-க்குக் குறையவில்லை. சாதாரண வெர்னியரால் அளந்தால் அதன் தாடை தேயாத ஓர விளிம்பில் உட்கார்ந்து பொய் சொல்லும், அதில் எச்சரிக்கை வேண்டும். ஆட்டம் இருக்கிறதா என்று சக்கரத்தை மெல்லச் சுற்றி, ஆட்டத்தை முள்ளால் காட்டும் டயல் கேஜ் வைத்துப் பார்த்ததும் மேனுவல் எல்லைக்குள்ளேயே நின்றது.

அப்படியானால் டிஸ்க் மாற்ற வேண்டியதில்லை. அடுத்த பேட் செட் மாற்றும்போது மறுபடி அளக்க வேண்டும், அப்போது மாற்றம் வரலாம். எஸ்டிமேட் தாளில் டிஸ்க் என்று எழுதிய இடத்தில் ஒரு எண் இருந்திருந்தால் இந்தப் பேச்சுக்கே இடமில்லை. அளந்த தடிமன் எவ்வளவு என்று கேட்பது வாடிக்கையாளரின் உரிமை. எந்த நல்ல சர்வீஸ் அட்வைசரும் அதற்குக் கோபப்பட மாட்டார்.

ஆயில்

இறக்கத்தில் லிவர் பஞ்சானதற்குக் காரணம் இங்கே. டப்பாவைத் திறந்ததும் தெரிந்தது, நிறம் கரும்பழுப்பு.

பிரேக் ஆயில் தரங்களில் டாட் 3, டாட் 4, டாட் 5.1 மூன்றும் கிளைகால் வகை ஆயில்கள், காற்றில் இருக்கும் ஈரத்தை உறிஞ்சும் குணம் உள்ளவை. ரப்பர் ஹோஸ் வழியாகவே ஈரம் மெல்ல மெல்ல உள்ளே வந்துவிடும். அமெரிக்கத் தர விதிப்படி புது டாட் 4 ஆயிலின் கொதிநிலை குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும். 3.7 சதவீதம் தண்ணீர் கலந்த நிலையில் அதே ஆயிலுக்கு விதி கேட்பது 155 டிகிரிதான். தொடர்ந்து பிரேக் பிடித்து இறங்கும்போது, அதுவும் ஏற்கெனவே உரசிக்கொண்டே இருக்கும் காலிப்பரில், அந்தச் சூடு எட்டக்கூடியதே. ஆயில் கொதித்தால் ஆவிக் குமிழி. ஆயிலை அமுக்க முடியாது, ஆவியை அமுக்கலாம். லிவர் கையோடு வருகிறது, வண்டி நிற்பதில்லை. ஆறியதும் ஆவி மறுபடி ஆயிலாகி எல்லாம் சரியானது போலத் தெரிவதுதான் இதில் பயங்கரம்.

பெரும்பாலான கம்பெனிகள் 2 ஆண்டுக்கு ஒரு தடவை மாற்றச் சொல்கின்றன, வண்டி ஓடினாலும் ஓடாவிட்டாலும். டாட் 5 என்பது சிலிக்கான் வகை, வேறு சாதி. எண் நெருக்கமாக இருக்கிறதே என்று டாட் 5.1-க்குப் பதில் அதை ஊற்றிவிடக் கூடாது. டப்பா மூடியில் எது எழுதியிருக்கிறதோ அதுதான். திறந்து வைத்த பழைய பாட்டிலும் ஈரம் குடித்திருக்கும், சின்ன பாட்டில் புதிதாக வாங்குவதே மேல். பெயின்ட் மேல் சிந்தினால் உடனே தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும்.

பிளீடிங்கில் ஏபிஎஸ் வண்டிக்கு ஒரு சிக்கல் உண்டு. ஆயிலின் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ஏபிஎஸ் மாடுலேட்டருக்குள் காற்று போய்விட்டால் சில மாடல்களில் கம்பெனிக் கருவியை இணைத்து உள்ளே இருக்கும் பம்ப்பை ஓட வைத்தால்தான் வெளியே வரும். அதனால் ஹோஸைக் கழற்றும் முன் லிவரைக் கொஞ்சம் அழுத்திய நிலையில் கயிற்றால் கட்டி வைத்தோம். மாஸ்டர் சிலிண்டர் பிஸ்டன் அந்தச் சின்னத் துளையை மூடிக்கொள்ளும், மேலிருந்து ஆயில் ஒழுகி இறங்காது. ஹோஸ் முனைக்கும் அடைப்பு. பிறகு வழக்கம்போல அழுத்து, திற, மூடு, விடு. டப்பாவில் ஆயில் அடி தட்டாமல் ஒருவர் கண் வைத்துக்கொண்டே இருக்க வேண்டும். லிவர் கல் மாதிரி ஆகாவிட்டால் வண்டியை டீலரிடம் ஏற்றிக்கொண்டு போவது என்று வேலை தொடங்கும் முன்பே முடிவு செய்திருந்தோம். அதற்கு அவசியம் வரவில்லை.

போல்ட் எல்லாம் மேனுவலில் இருக்கும் அளவுக்கு, இறுக்கும் பலத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சில் இறுக்கினோம். நிப்பிள் உள்ளே துளையுள்ளது, கை பலத்தைக் காட்டினால் முறிந்துவிடும். ஹோஸ் போல்ட்டின் இரண்டு பக்க வாஷர்களும் புதிது. முடித்ததும் லிவரை அழுத்திப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு இணைப்பையும் துணியால் தொட்டுக் கசிவு பார்த்தோம். புதுப் பேட் போட்ட வண்டியை, லிவரைப் பல தடவை அழுத்தி அது இறுகும் வரை, ஓர் அடிகூட நகர்த்தக் கூடாது. முதல் அழுத்தலுக்கு எதுவும் பிடிக்காது. ஆள் நடமாட்டம் இல்லாத சாலையில், மிதமான வேகத்திலிருந்து நிதானமாகக் குறைத்து, இடையில் ஆற விட்டு, பேட்டை டிஸ்க்கோடு பழக்கின பிறகுதான் வழக்கமான ஓட்டம்.

பணம் எங்கே போகிறது

வாங்கியவை: பேட் செட், சீல் கிட், வாஷர், ஒரு பாட்டில் ஆயில், சிலிக்கான் கிரீஸ், பிரேக் கிளீனர். எல்லாம் சேர்த்தும் காலிப்பர் அசெம்ப்ளியின் விலையில் ஒரு சின்னப் பங்குதான். பேட்டும் கிட்டும் டீலரின் பார்ட்ஸ் கவுன்டரிலேயே வாங்கினோம். பிரேக்கில் போலிப் பார்ட்ஸ் போட்டு மிச்சம் பிடிக்கும் எண்ணம் எனக்கு எப்போதும் கிடையாது.

இவ்வளவு வித்தியாசம் எப்படி வருகிறது? ஏமாற்று என்று ஒரு வார்த்தையில் முடித்துவிட எனக்கு மனம் வரவில்லை. டீலர் ஒவ்வொரு வேலைக்கும் முன்கூட்டியே நிர்ணயித்த நேரத்துக்குக் கூலி போடுகிறார். காலிப்பரைக் கழற்றிப் புதிதை மாட்டுவதற்கு நேரம் இவ்வளவு என்று சொல்லிவிடலாம். சீல் பள்ளத்தைச் சுரண்டுவதற்குச் சொல்ல முடியாது. பொருக்கு எவ்வளவு, பிஸ்டன் எளிதில் வருமா என்பது திறந்தால்தான் தெரியும். அதுவரை வேலை மேடையில் அந்த வண்டி இடத்தை அடைத்துக்கொண்டு நிற்கும். செய்து முடித்த பிறகு கசிந்தால் பழியும் அவர்கள் மேல். புது அசெம்ப்ளி என்றால் நேரமும் தெரியும், பொறுப்பும் எடுக்கலாம். அவர்கள் கணக்கில் மாற்றுவதே புத்திசாலித்தனம்.

சொந்தமாகச் செய்பவனுக்குக் கணக்கு தலைகீழ். அவனுடைய நேரத்துக்கு பில் கிடையாது. மணிக்கணக்கில் உட்கார்ந்து சுரண்டலாம். அதனால் கழுவுவது, பின்னுக்குக் கிரீஸ், ஆயில் மாற்றம் போல, பொருள் செலவு குறைந்து கைவேலை அதிகமாக உள்ள எல்லாமே வீட்டில் செய்தால் லாபம். பொருள் விலையே பெரிதாக இருக்கும் வேலைகளில், உதாரணமாக டிஸ்க் மாற்றத்தில், மிச்சமாவது கொஞ்சம்தான்.

கருவிச் செலவையும் மறைக்கக் கூடாது. டார்க் ரெஞ்ச் இல்லாமல் இந்த வேலையைச் செய்ய நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். நல்லது விலை அதிகம். வெறும் பேட் மாற்றுவதற்காக மட்டும் வாங்கினால் முதல் தடவை டீலர் கூலியே மலிவாக முடியலாம். மைக்ரோமீட்டரும் டயல் கேஜும் இரவல் வாங்கிக்கொள்ளலாம். அப்புறம் வாரண்டி உள்ள வண்டி என்றால் சர்வீஸ் பதிவுக்கும் ஒரு மதிப்பு உண்டு, அதை அவசரப்பட்டு இழக்க வேண்டாம்.

பொறுமை இல்லாதவர், சந்தேகம் வந்தால் நிறுத்திக் கேட்கத் தயங்குபவர், தாராளமாக டீலரிடமே போகட்டும். ஆனால் போகும்போது சிலவற்றைக் கேட்க வேண்டும். டிஸ்க் அளவு என்ன? சக்கரம் இறுகுவது அழுத்தத்தாலா, காலிப்பராலா? காலிப்பரை மாற்றாமல் சீல் கிட் போட்டுத் தருவீர்களா, அதற்குக் கூலி எவ்வளவு? கழற்றிய பழைய பார்ட்ஸைத் திருப்பித் தருவீர்களா? இதைக் கேட்டாலே பட்டியலில் சில வரிகள் குறைவதை நான் பார்த்திருக்கிறேன். சீல் கிட் வேலைக்கு அரை மனதோடாவது சம்மதிக்கும் மெக்கானிக் கிடைத்தால், அவருக்குக் கூடுதல் கூலி கொடுத்தாலும் தகும்.

பட்டியலில் இல்லாத ஒன்று

எஸ்டிமேட்டில் இத்தனை இருந்தும் ரப்பர் ஹோஸ் பற்றி ஒரு வரி இல்லை. பல கம்பெனிகள் அதை 4 ஆண்டுக்கு ஒரு தடவை மாற்றச் சொல்கின்றன. இந்த வண்டியின் மேனுவலும் அப்படித்தான் சொல்கிறது. வளைவுகளில் விரித்துப் பார்த்ததில் வெடிப்பு இல்லை, லிவரை முழுப் பலத்தோடு அழுத்தியபோது எங்கும் உப்பவும் இல்லை. ஆக உடனே மாற்ற அவசியம் இல்லை, ஆனால் கெடு வரும்போது தள்ளிப் போடக் கூடாது.

“அதையும் நாமளே மாத்திடலாமா மாமா?” என்று கேட்டான். வேண்டாம் என்றேன். ஹோஸ் மாற்றும்போது ஏபிஎஸ் மாடுலேட்டரின் இரண்டு பக்க இணைப்பையும் கழற்ற வேண்டும், காற்று உள்ளே போக வாய்ப்பு அதிகம், கம்பெனிக் கருவி உள்ள இடத்தில் செய்வதுதான் முறை. ஹோஸ் கழற்றினால் ஆயிலும் எப்படியும் மாறும். கெடு அடுத்த ஆயில் மாற்றத்துக்குக் கொஞ்சம் முன்னால் வருகிறது. அந்தத் தடவை ஆயிலை மட்டும் தனியாக மாற்றாமல் இரண்டையும் சேர்த்து டீலரிடம் கொடுக்கச் சொல்லியிருக்கிறேன், பிளீடிங் கூலி ஒரு தடவைதான் போகும்.